உடுத்தொகுதிகள்: படத்தில் இருக்கிற உருவம் திருகோணமலை வானத்தில் ஏன் பிடிபடுவதில்லை?

சாம்பல்தீவு_டீச்சர்

தரம் 10, 11 பிள்ளைகளுக்கு ஏப்ரல் கடைசி வாரம் நிலாவெளிப் பக்கம் ஓர் இரவு வான்பார்வை ஒழுங்கு செய்கிறோம். கையில் இருப்பது வெளிநாட்டில் அச்சான சுழல் வரைபடம் (திகதிக்கும் நேரத்துக்கும் திருப்பிப் பார்க்கிற வான்படம்) ஒன்றும் கைபேசிச் செயலியும்தான். பிள்ளைகள் கேட்கிற கேள்விகளுக்குத் தெளிவான பதில் வேண்டும்.

உடுத்தொகுதி என்பது உருவமா, நட்சத்திரக் கூட்டமா, இடமா? ஏழு புள்ளியை வைத்துக் கரடி என்று எப்படிச் சொன்னார்கள்? ராசியும் உடுத்தொகுதியும் ஒன்றா? வரைபடத்தில் கம்பீரமாக நிற்கிற ஒரியன் என்ற வேட்டைக்காரன் இங்கே ஏன் படுத்துக் கிடக்கிறது? அந்த இரவில் எதை எந்த ஒழுங்கில் காட்டினால் பிள்ளைகள் மனதில் நிற்கும்?

வானெல்லை

முதல் கேள்விக்கு நேரான பதில்: இன்றைய வானியலில் உடுத்தொகுதி என்பது ஓர் இடம். வானம் முழுவதையும் இடைவெளி விடாமல் 88 துண்டாகப் பிரித்திருக்கிறார்கள். ஒரு நட்சத்திரம், ஒரு தொலைதூரப் பால்வெளி, நாளைக்கு வெடிக்கப் போகிற ஒரு நோவா, எதுவானாலும் இந்த 88இல் ஒன்றுக்குள் விழுந்தே ஆக வேண்டும்.

சர்வதேச வானியல் ஒன்றியம் 1922இல் 88 பெயர்களை ஏற்றுக்கொண்டது. ஆனால் பெயர் இருந்ததே தவிர எல்லை இல்லை. ஒவ்வொரு அட்லஸ்காரரும் தன் விருப்பப்படி வளைகோடு போட்டிருந்தார்கள். பெல்ஜிய வானியலாளர் யூஜின் டெல்போர்ட் வானத்து நெட்டாங்கு, அகலாங்கு கோடுகளையே பிடித்து நேரான எல்லைகளை வரைந்தார். 1928இல் அது ஏற்கப்பட்டு 1930இல் அச்சாகியது. அவர் பயன்படுத்தியது 1875ஆம் ஆண்டு ஆயங்கள். பூமியின் அச்சு மெல்லச் சுழல்வதால் இன்றைய வரைபடத்தில் அந்தக் கோடுகள் கொஞ்சம் சரிந்து தெரியும். செயலியில் எல்லைக் கோட்டைத் திறந்து பார்த்து, ஏன் கோணலாக இருக்கிறது என்று பிள்ளைகள் கேட்டால் காரணம் இதுதான்.

எல்லை நிலையானது, நட்சத்திரம் நகரக்கூடியது. கழுகுத் தொகுதியில் இருந்த ரோ அக்விலே 1992இல் எல்லையைத் தாண்டி டெல்பின் தொகுதிக்குள் போய்விட்டது. பெயர் மட்டும் பழையபடி கழுகின் பெயராகவே நிற்கிறது.

பரப்பில் மிகப் பெரியது நீர்ப்பாம்பு, 1303 சதுரப் பாகை. மிகச் சிறியது தென்சிலுவை, 68 சதுரப் பாகை. ஆகவே சிறியது என்றால் மங்கல் என்று நினைக்க வேண்டாம். தென்சிலுவையை ஒருமுறை கண்டவர்களுக்கு மறக்காது. நீர்ப்பாம்பை முழுதாகத் தேடிப் பிடிக்கப் பொறுமை வேண்டும்.

கண்ணுக்குப் படுகிற உருவம் வேறு விஷயம். சப்தரிஷி மண்டலம் என்கிற ஏழு நட்சத்திரம் ஓர் உடுத்தொகுதி இல்லை, பெருங்கரடி என்ற பெரிய இடத்தின் ஒரு பகுதி. கரடியின் முதுகும் வாலும் மட்டும்தான் அந்த ஏழு. தலையும் கால்களும் அதற்கு வெளியே மூன்றாம் நான்காம் பருமன் நட்சத்திரங்களில் கிடக்கின்றன (பருமன் எண் கூடக்கூட வெளிச்சம் குறைவு). ஏழை மட்டும் பார்த்துக் கரடியைத் தேடினால் ஒருக்காலும் கிடைக்காது. உங்கள் இரண்டாவது கேள்வியில் பாதி இதிலேயே தீர்ந்தது.

கூட்டல்_கழித்தல்

மீதிப் பாதி கண்ணும் மூளையும் சம்பந்தப்பட்டது. இதைத்தான் பாடநூல்கள் ஒரே வரியில் தாண்டிப் போகின்றன.

மனிதக் கண் புள்ளிகளைத் தனித்தனியாக விட்டுவைக்காது. பக்கத்தில் பக்கத்தில் இருப்பதைச் சேர்க்கும். ஒத்த வெளிச்சம் உள்ளதைச் சேர்க்கும். ஓரளவு நேராகவோ சீராக வளைந்தோ போகிற வரிசையைத் தொடர்ந்து பிடிக்கும். ஒரியனின் இடைப்பட்டியில் இந்த மூன்றும் ஒன்றாகக் கூடுகின்றன: மூன்று நட்சத்திரம், மூன்றும் ஏறக்குறைய இரண்டாம் பருமன், சம இடைவெளி, கிட்டத்தட்ட நேர்கோடு, மொத்த நீளம் 3 பாகைக்குள். அதனால்தான் உலகத்தில் எங்கே போனாலும் அந்த மூன்றையும் ஒன்றாகவே பார்த்திருக்கிறார்கள். நம் பக்கத்துப் பழங்கதையில் அது மானைத் துளைத்த அம்பு. வட ஆஸ்திரேலிய யொல்ங்கு மக்களுக்கு ஒரு வள்ளத்தில் இருக்கிற மூன்று பேர்.

மெல்பன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2022இல் 27 பண்பாடுகளின் வான் உருவங்களை எடுத்து ஒரு கணினி மாதிரியோடு ஒப்பிட்டார்கள். கணினிக்குக் கதை எதுவும் சொல்லவில்லை. நட்சத்திரங்களின் வெளிச்சத்தையும் இடைவெளியையும் மட்டும் கொடுத்தார்கள். அது தானாகவே பிரித்த கூட்டங்களில் பல, மனிதர்கள் பிரித்த கூட்டங்களோடு பொருந்தின. எந்த நட்சத்திரத்தை எதோடு சேர்ப்பது என்பதைப் பெரும்பாலும் கண் முடிவு செய்கிறது. சேர்த்ததற்கு என்ன பெயர் வைப்பது என்பதை ஊர் முடிவு செய்கிறது. அதே ஏழு நமக்கு முனிவர்கள், ஆங்கிலேயருக்குக் கலப்பை, அரபிகளுக்குப் பாடையும் அதன் பின்னால் அழுதுகொண்டு போகிற பெண்களும்.

வகுப்பில் செய்யக்கூடிய ஒன்று சொல்கிறேன். வெள்ளைத் தாளில் பத்துக்குப் பத்து, நூறு கட்டம் போடுங்கள். 0 முதல் 9 வரை எழுதிய பத்துச் சீட்டை ஒரு பெட்டியில் போடுங்கள். இரண்டு தடவை எடுத்தால் ஒரு கட்டத்தின் முகவரி கிடைக்கும், முதல் எண் வரிசை, இரண்டாவது நிரல். அந்தக் கட்டத்துக்குள் கண்ணை மூடி ஒரு புள்ளி. இப்படி நூறு புள்ளி. எடுத்த சீட்டை ஒவ்வொரு முறையும் திரும்பப் போட்டுக் குலுக்க வேண்டும். போடாவிட்டால் 33, 77 மாதிரி முகவரிகள் வரவே வராது, கணக்குக் கெட்டுவிடும்.

நூறு கட்டத்துக்கு நூறு புள்ளி என்றவுடன் கட்டத்துக்கு ஒன்று வரும் என்று பிள்ளைகள் எதிர்பார்ப்பார்கள். உண்மையில் ஏறக்குறைய 37 கட்டம் வெறுமையாகக் கிடக்கும். 37இல் ஒன்று, 18இல் இரண்டு, மீதி எட்டில் மூன்றும் அதற்கு மேலும் குவிந்திருக்கும். தற்செயல் என்றால் இப்படித்தான், கொத்தும் வெளியுமாக இருக்கும். பிறகு கட்டக்கோடு தெரியாத மாதிரி புள்ளிகளை மட்டும் இன்னொரு தாளில் பிரதி எடுத்து, கோடு இழுத்து உருவம் காணச் சொல்லுங்கள். ஐந்து நிமிடத்தில் மீனும் படகும் வந்துவிடும். அடுத்த பிரதியில் பத்துப் புள்ளியை மட்டும் பெரிதாக்கிக் கொடுங்கள். உருவங்கள் அந்தப் பத்தைச் சுற்றி இடம்மாறும். வெளிச்சத்தின் வலு அப்போது விளங்கும்.

கொட்டியாரம்

ஒரு மறுப்பு. இதை இப்படியே விட்டால் வானத்துக் கூட்டம் எல்லாமே கண்ணின் வேலை என்று பிள்ளைகள் எடுத்துக்கொள்வார்கள். அது சரியில்லை.

கார்த்திகைக் கூட்டத்தைப் பாருங்கள், நம் பழந்தமிழில் அறுமீன். 1767இல் ஜோன் மிச்சல் என்ற ஆங்கிலேயர் இதே தற்செயல் கணக்கைத்தான் போட்டார். வானத்தில் அந்த அளவு வெளிச்சமுள்ள நட்சத்திரங்களைக் கண்டபடி தூவினால், கார்த்திகை மாதிரி ஆறு இவ்வளவு நெருக்கமாக விழ எவ்வளவு வாய்ப்பு? ஏறக்குறைய ஐந்து இலட்சத்தில் ஒன்று என்று கண்டார். ஆகவே அவை உண்மையிலேயே ஒன்றாக இருக்கின்றன என்றார். தூரம் அளக்கத் தெரியாத காலத்தில், வெறும் கணக்கால். இன்று நமக்குத் தெரியும்: அது சுமார் 440 ஒளியாண்டு தூரத்தில், ஒரே முகிலில் பிறந்து ஒன்றாக நகர்கிற கூட்டம்.

மறுபக்கம், தென்சிலுவையைக் காட்டுகிற இரண்டு நட்சத்திரம். நாலரைப் பாகை இடைவெளியில் இரட்டையர் மாதிரி நிற்கும். அதில் ஒன்றான ஆல்பா சென்டோரி 4.4 ஒளியாண்டில், நம் அடுத்த வீடு. மற்றது சுமார் 390 ஒளியாண்டில். ஒன்றுக்கொன்று எந்த உறவும் இல்லை.

இரண்டுக்கும் நடுவில் சப்தரிஷி. ஏழில் ஐந்து மெய்யான கூட்டம், ஒரே திசையில் ஒரே வேகத்தில் போகின்றன. இரண்டு கரையில் நிற்கிற கிரதுவும் மரீசியும் வேறு வழியில் போகின்றன. அதனால் ஒரு இலட்சம் ஆண்டில் அந்த ஏழும் சேர்ந்து காட்டுகிற அகப்பை உருவம் நசுங்கி வேறு வடிவம் எடுக்கும். பெயர் ஒழுங்கு தெரியாதவர்களுக்கு: அகப்பையின் வெளி விளிம்பிலிருந்து கிரது, புலகர், புலத்தியர், அத்திரி, பிறகு கைப்பிடியில் அங்கிரசு, வசிட்டர், மரீசி. இந்த ஏழையும் ஒரு மாதிரி செய்து காட்டினால் ஆயிரம் சொல்லுக்குச் சமம். வேண்டும் என்றால் அளவுகள் தருகிறேன்.

சாம்பல்தீவு_டீச்சர்

கட்டாயம் தாருங்கள். சாமான் பாடசாலையில் கிடைப்பதாக இருந்தால் நல்லது.

கொட்டியாரம்

ஒரு கெட்டியான மட்டை, ஏ3 அளவு. ஏழு மணி, தையல் நூல், ஊசி, பிசின் நாடா. ஒரு சென்ரிமீற்றருக்கு 2 ஒளியாண்டு என்ற அளவுத்திட்டம்.

ஏழின் இடங்களையும் மட்டையின் கீழ்ப்பக்கத்தில் குறியுங்கள். கீழே இருந்து அண்ணாந்து பார்க்கப் போகிறோம். மேல்பக்கத்தில் குறித்தால் கண்ணாடியில் பார்த்த மாதிரி இடம்வலம் மாறிவிடும். இந்த மாதிரியைச் செய்கிற இடங்களில் அதிகம் நடக்கிற பிழை இதுதான்.

நூல் தொங்கும் நீளம்: புலகர் 80 ஒளியாண்டு, 30 செ.மீ. அத்திரி 81, அதற்கு 29.5. புலத்தியர், அங்கிரசு, வசிட்டர் மூன்றும் 83 அளவில், 28.5 வீதம். மரீசி 104, 18 செ.மீ. கிரது 123, வெறும் 8.5 செ.மீ. கிட்டிய நட்சத்திரத்துக்கு நீண்ட நூல், அதாவது பார்ப்பவர் கண்ணுக்குக் கிட்ட. முடிச்சுப் போட்டால் ஒரு சென்ரிமீற்றர் வரை நூல் தின்னும். மணியைக் கோத்துப் பிசின் நாடாவால் ஒட்டிய பிறகு அளந்து சரிசெய்யுங்கள்.

உயரமான இடத்தில் கட்டித் தொங்கவிட்டு, ஒரு கண்ணை மூடி, நேர் கீழே இரண்டு மூன்று மீற்றர் தள்ளி நின்று பார்க்க வேண்டும். மாடிப்படி வளைவு வசதி. கிட்டப்போனால் நீண்ட நூல் மணிகள் வெளிப்பக்கமாக விரிந்து உருவம் சிதையும். இரண்டு கண்ணும் திறந்தால் ஆழம் தெரிந்துவிடும், உருவம் உடைந்துவிடும். பிறகு பக்கத்தால் வந்து பார்க்கச் சொல்லுங்கள். ஐந்து மணி ஒரே மட்டத்தில், மரீசியும் கிரதுவும் எங்கேயோ மேலே. எந்த விளக்கமும் தேவைப்படாது.

பஞ்சாங்க_வாசகன்

ராசிக் கேள்விக்கு. ராசியும் உடுத்தொகுதியும் ஒரே பெயரைப் பகிர்ந்துகொள்கிற இரண்டு வேறு அளவுமுறை.

சூரியன் ஓர் ஆண்டில் போகிற பாதை 360 பாகை. அதைப் பன்னிரண்டாகச் சமமாகப் பங்கிட்டால் 30 பாகை வீதம் ராசி. இருபத்தேழாகப் பங்கிட்டால் 13 பாகை 20 கலை (60 கலை ஒரு பாகை) வீதம் நட்சத்திரம். இது அளவுகோலில் போடுகிற கோடு மாதிரி. வானத்தில் இருக்கிற உருவங்களோ சமமாக இல்லை. டெல்போர்ட் போட்ட எல்லைப்படி சூரியன் கன்னியைக் கடக்க 45 நாள் அளவில் எடுக்கும். விருச்சிகத்தைக் கடக்க ஒரு கிழமை போதும். விருச்சிகத்துக்கும் தனுவுக்கும் இடையில் பாம்பேந்தி என்ற தொகுதிக்குள் 18 நாள் அளவில் இருக்கும், நவம்பர் கடைசியிலிருந்து டிசம்பர் நடுப்பகுதி வரை. 'பதின்மூன்றாவது ராசியைக் கண்டுபிடித்துவிட்டார்கள்' என்று அடிக்கடி பரவுகிற செய்திக்குப் பின்னால் இருப்பது இவ்வளவுதான். பாம்பேந்தி இரண்டாம் நூற்றாண்டில் தொலமி என்ற வானியலாளர் எழுதிய 48 தொகுதிகளிலேயே இருக்கிறது. ராசி பன்னிரண்டு என்பது பங்கீடு, அதில் பதின்மூன்றுக்கு இடமில்லை.

நம் மாதப் பெயர்களை விட்டுவிடாதீர்கள், பிள்ளைகளுக்கு இது நல்ல கைப்பிடி. எந்த நட்சத்திரத்தின் பக்கம் முழுநிலவு வருமோ அந்தப் பெயர்தான் மாதத்துக்கு. கார்த்திகைப் பூரணை கார்த்திகைக் கூட்டத்தின் பக்கம், தைப்பூசம் பூசத்தின் பக்கம், மாசி மகம் மகத்தின் பக்கம், சித்திரைப் பூரணை சித்திரையின் பக்கம். முழுநிலவு சூரியனுக்கு நேர் எதிரே நிற்பதால், அந்த மாதத்தில் சூரியன் மறைய அந்த நட்சத்திரம் கிழக்கில் எழும். ஆகவே மாதப் பெயர் தெரிந்தாலே அந்த மாதம் மாலையில் கிழக்கில் எது உதிக்கும் என்று சொல்லிவிடலாம். தனி நட்சத்திரங்களையும் இரண்டு பெயரிலும் சொல்லிக்கொடுங்கள்: ரோகிணி அல்டெபரான், திருவாதிரை பெட்டல்ஜியூஸ், மகம் ரெகுலஸ், சித்திரை ஸ்பைக்கா, சுவாதி ஆர்க்டூரஸ், கேட்டை அன்டாரிஸ், திருவோணம் அல்டேர், அகத்தியர் கனோபஸ்.

நிலாவெளிக்_கரை

இனி அந்த இரவுக்கு வருவம். முதலில் சுழல் வரைபடம். அதில் எந்த அகலாங்குக்குச் செய்தது என்று எழுதியிருக்கும், பாருங்கோ. 40 அல்லது 50 வடக்கு என்றால் இங்கே அது உதவாது. திருகோணமலை 8 பாகை 34 கலை வடக்கு. அந்த வரைபடத்தில் துருவ நட்சத்திரம் பாதி உயரத்தில் நிற்கும், தென்சிலுவை இருக்கவே இருக்காது. இங்கே துருவன் அடிவானத்திலிருந்து எட்டரைப் பாகையில். தெற்கே தென்துருவத்துக்குக் கிட்டவுள்ள சின்னத் துண்டைத் தவிர முழு வானமும் ஆண்டுக்குள் தெரியும். பத்துப் பாகை வடக்குக்குச் செய்த, இரண்டு முகமும் உள்ள வரைபடம்தான் வேண்டும். ஒரு முகம் மட்டும் உள்ளதில் தென்வானம் பக்கவாட்டில் இழுபட்டு, தென்சிலுவை தட்டையாகத் தெரியும்.

ஒரியன் படுத்திருப்பதற்கும் இதே அகலாங்குதான் காரணம். வடநாட்டில் நட்சத்திரங்கள் சரிவாக எழும். நம் பக்கம் கிட்டத்தட்ட செங்குத்தாக எழும். ஒரியனின் தலை வடக்கே, கால் தெற்கே. கிழக்கு நோக்கி நின்றால் வடக்கு இடக்கைப் பக்கம். ஆகவே உதிக்கும்போது தலை இடக்கைப் பக்கமும் கால் வலக்கைப் பக்கமுமாகப் படுத்துக்கொண்டே வரும். இடைப்பட்டி மூன்றும் ஒன்றின் மேல் ஒன்றாக எழும். உச்சிக்கு வந்த பிறகு தெற்கு நோக்கி நின்று அண்ணாந்தால்தான் நிமிர்ந்து தெரியும். பட்டியின் முதல் நட்சத்திரம் மின்டாகா வான்நடுக்கோட்டில் (பூமியின் நடுக்கோட்டுக்கு நேர் மேலே வானத்தில் வருகிற கோடு) இருந்து அரைப் பாகைக்குள். நேர் கிழக்கில் உதித்து நேர் மேற்கில் மறையும், திசைகாட்டி தேவையில்லை.

ஏப்ரல் கடைசியில் இரவு 8 மணிக்கு ஒரியன் மேற்கே தாழ்ந்திருக்கும், இருபது பாகை அளவில். அதனால் அதையே முதலில் காட்டுங்கோ, பிந்தினால் போய்விடும். பட்டியை இடக்கைப் பக்கம் நீட்டினால் சிரியஸ், வானத்திலேயே மிக வெளிச்சமான நட்சத்திரம். அதற்கும் இடக்கைப் பக்கம், தென்மேற்கில் தாழ்வாக அகத்தியர். பிறகு தலைக்கு மேலே மகம். அதன் பிறகு வடக்கே திரும்புங்கோ. சப்தரிஷி அங்கே தலைகீழாகக் கவிழ்ந்து நிற்கும், அகப்பையின் வாய் கீழே, கைப்பிடி வலக்கைப் பக்கம். படத்தில் நிமிர்ந்து இருப்பதைப் பார்த்துப் பழகிய பிள்ளைகள் இங்கேதான் தடுமாறுவார்கள். படத்தைத் தலைகீழாகப் பிடிக்கச் சொல்லுங்கோ.

கைப்பிடியின் வளைவை அப்படியே நீட்டினால் 30 பாகையில் செம்மஞ்சளாகச் சுவாதி. அதே வளைவில் இன்னொரு 30 பாகை போனால் நீலவெள்ளையாகச் சித்திரை. பாகை அளக்கக் கை போதும். கையை முழுதாக நீட்டிப் பிடித்தால் சின்னவிரல் அகலம் 1 பாகை, நடு மூன்று விரல் 5, மூடிய கைமுட்டி 10, விரித்த சாண் 20க்கு மேல். சின்னப் பிள்ளைக்குக் கை சிறிது, நீளமும் குறைவு, ஆகவே அளவு ஒத்துவரும். முழங்கையை மடித்துவிட்டால் மட்டும் பிழைக்கும்.

வானெல்லை

அகப்பையின் வெளி விளிம்பிலுள்ள புலகரிலிருந்து கிரதுவுக்குக் கோடு போட்டு, அதே திசையில் 28 பாகை, அதாவது மூன்று முட்டிக்குச் சற்றுக் குறைவாக நீட்டினால் துருவன். அந்த நேரத்தில் அது கிட்டத்தட்ட நேர் கீழே இறங்குகிற கோடு.

ஆனால் பிள்ளைகள் துருவனைக் காணாமல் போகலாம், அதற்கு ஆயத்தமாக இருங்கள். எட்டரைப் பாகை உயரத்தில் நட்சத்திர ஒளி தலைக்கு மேலே வருவதைப் போல் ஆறு மடங்குக்கு மேற்பட்ட காற்றைத் துளைத்து வர வேண்டும். இரண்டாம் பருமன் துருவன் மூன்றரையாம் பருமன் மாதிரி மங்கிவிடும். கடலோரத்தில் உப்புப் புகாரும் சேர்ந்தால் அதுவும் இல்லை. 60 மீற்றர் தூரத்தில் ஒரு 12 மீற்றர் தென்னை நின்றாலே முழுதாக மறைக்கும். வடக்கே கடல் திறந்திருக்கிற இடமாகப் பார்த்து நில்லுங்கள்.

நிலாவெளிக்_கரை

இப்ப தெற்கு. இதில்தான் அதிகம் பிழை நடக்கும். ஏப்ரல் கடைசியில் 8 மணிக்குத் தெற்கே பார்த்தால் அடிவானத்துக்கு மேலே இரண்டரை முட்டி உயரத்தில், நேர் தெற்கிலிருந்து கொஞ்சம் மேற்கே, ஒரு சிலுவை தெரியும். எல்லாரும் தென்சிலுவை என்று கத்துவார்கள். அது போலிச் சிலுவை. பழைய கப்பல் தொகுதியைப் பிரித்து வந்த கரீனா என்ற தொகுதியில் இரண்டும் வேலா என்ற தொகுதியில் இரண்டுமாக நான்கு நட்சத்திரம் சேர்ந்தது. மெய்ச் சிலுவை அந்த நேரம் தென்கிழக்குப் பக்கமாக, இடக்கைப் பக்கம் சரிந்து, இன்னும் தாழ்வாக இருக்கும்.

வித்தியாசம் பார்க்க மூன்று வழி. மெய்ச் சிலுவை சிறியது, நெடுக்கு 6 பாகை, மூன்று விரலும் கொஞ்சமும். போலி பெரியது, வெளிச்சமும் குறைவு. மெய்ச் சிலுவையின் பின்னால், கிழக்கே, ஆல்பா சென்டோரியும் அதன் துணையும் வழிகாட்டிகளாக வரும். போலிக்கு அப்படி யாரும் இல்லை. மெய்ச் சிலுவையில் ஐந்தாவதாக ஒரு மங்கலான நட்சத்திரம் ஒரு மூலையில் இருக்கும்.

10 மணிக்கு மெய்ச் சிலுவை நேர் தெற்கில் நிமிர்ந்து நிற்கும். உச்சி நட்சத்திரம் 24 பாகை, அடி நட்சத்திரம் 18 பாகை உயரத்தில். நெடுக்கை அதே நீளத்தில் நாலரை மடங்கு கீழே நீட்டினால் தென்துருவம் என்று புத்தகங்களில் இருக்கும். ஆஸ்திரேலியாவில் அது சரியாக வரும். இங்கே நீட்டினால் கோடு அடிவானத்துக்கு எட்டரைப் பாகை கீழே போய்விடும். ஆகவே இங்கே ஒரே விதி: சிலுவை நிமிர்ந்து நிற்கிற நேரம் அதன் நேர் கீழ்தான் தெற்கு.

இருட்டு நன்றாக இருந்தால் சிலுவையின் இடக்கைப் பக்கத்து அடியில் ஒரு கரும் திட்டுத் தெரியும், நிலக்கரிப்பை. அங்கே நட்சத்திரம் இல்லாமல் இல்லை. தூசிமுகில் ஒன்று பால்வீதியை மறைக்கிறது. ஆஸ்திரேலியப் பழங்குடியினர் அதை ஈமுப் பறவையின் தலையாகப் பார்த்தார்கள். புள்ளிகளை இணைக்காமல், கருமையையே உருவமாகக் கண்டவர்கள். கூட்டல்_கழித்தல் சொன்ன கணினி மாதிரிக்கு இது அகப்படாது.

கூட்டல்_கழித்தல்

அது உண்மை, மாதிரி புள்ளிகளை மட்டும்தான் பார்த்தது. சீனரையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அவர்கள் 283 சின்னச் சின்னக் கூட்டங்களாகப் பிரித்தார்கள். பலவற்றில் இரண்டு மூன்று நட்சத்திரம்தான், மங்கலானவையும் உண்டு. அரசவை, வீதி, களஞ்சியம் என்று ஓர் அரசாட்சி முழுவதையும் மேலே அடுக்கினார்கள். கண் தொடக்கி வைக்கிறது, மீதியைத் தேவை செய்கிறது.

படப்பெட்டி

பிள்ளைகள் கைபேசியில் எடுப்பார்கள், அதற்கும் சொல்லிவிடுகிறேன். முக்காலி அவசியம். கைமுறைப் பயன்முறையில் ஐஎஸ்ஓ 1600, 15 செக்கன், குவியம் முடிவிலியில். 24 மில்லிமீற்றருக்குச் சமமான வில்லைக்கு 20 செக்கன் தாண்டினால் புள்ளி கோடாக இழுபடும். தொட்ட அதிர்வு அடங்க 3 செக்கன் தாமதம் வையுங்கள்.

பெரும்பாலான படங்களில் உருவம் காணாமல் போவதற்குக் காரணம் நட்சத்திரம் குறைவது இல்லை, கூடுவது. கண்ணுக்குத் தெரியாதவையும் பதிவாகிவிடும். வெளிச்சமானதும் மங்கலானதும் இரண்டும் வெளுத்து ஒரே அளவு வெள்ளைப் புள்ளியாக நிற்கும். வெளிச்ச வித்தியாசம் போனால் உருவமும் போகும். வில்லைக்கு முன்னால் மென்படர்வு வடிகட்டி ஒன்றைப் பிடித்தால் வெளிச்சமான நட்சத்திரங்கள் மட்டும் ஊதிப் பெரிதாகும், நிறமும் தெரியும். கரையில் அரை மணிக்கு ஒருமுறை வில்லையைத் துடையுங்கள். உப்புப் படலம் கண்ணுக்குத் தெரியாது, படத்தில் புகை மாதிரி வரும்.

செயலியின் திசை பிழைத்தால் வாகனம், இரும்புக் கதவு, காந்த மூடியுள்ள கைபேசி உறை மூன்றையும் சந்தேகப்படுங்கள். உறையைக் கழற்றி, கைபேசியை எட்டு வடிவில் சுழற்றிச் சரிசெய்து, தெரிந்த ஒரு நட்சத்திரத்தை வைத்து ஒத்துப்பாருங்கள்.

சாம்பல்தீவு_டீச்சர்

வரைபடத்தில் இல்லாத பெரிய வெளிச்சம் ஒன்று ஒரு தொகுதிக்குள் நின்றால்? போன தடவை வந்த பிள்ளைகள் இதைக் கேட்டார்கள். இன்னொன்று, கடலிலிருந்து எழுகிற விருச்சிகம் அவ்வளவு பெரிதாகத் தெரிகிறதே, அது காற்றின் விளைவா?

பஞ்சாங்க_வாசகன்

வெளிச்சம் அநேகமாகக் கோளாக இருக்கும். சூரியன் போகிற பாதையில் மட்டும்தான் நிற்கும், நட்சத்திரத்தைவிடக் குறைவாக மின்னும். வியாழன் ஒரு ராசியில் ஏறக்குறைய ஓர் ஆண்டு, சனி இரண்டரை ஆண்டு. அச்சு வரைபடத்தில் கோள்களைப் போடாததற்குக் காரணமும் அதுதான். குருப்பெயர்ச்சி, சனிப்பெயர்ச்சி எந்த ராசிக்கு என்று பஞ்சாங்கத்தில் பார்த்துக்கொண்டு போங்கள். பக்கத்துத் தொகுதியில் நின்றால் குழம்ப வேண்டாம், ராசிப் பங்கும் வானத்து எல்லையும் ஒன்றில்லை என்று முன்னமே சொன்னேன்.

கூட்டல்_கழித்தல்

விருச்சிகம் காற்றால் பெரிதாவதில்லை. காற்றின் ஒளிவிலகல் அடிவானத்தில் உருவத்தைக் கொஞ்சம் தட்டையாக்கும், அவ்வளவுதான். பெரிதாகத் தெரிவது மூளையின் கணிப்பு, எழுகிற நிலா பெரிதாகத் தெரிகிற அதே விஷயம். கேட்டையிலிருந்து கொடுக்கு வரை எழும்போது முட்டியால் அளக்கச் சொல்லுங்கள். உச்சிக்கு வந்த பிறகு மறுபடி அளந்தால் அதே அளவுதான் வரும். கேட்டை எட்டரை மணியளவில் கடலை விட்டு எழும், கொடுக்கு 10 மணிக்கு வெளியே வந்திருக்கும். உச்சிக்கு வர விடியப்புறம் ஆகிவிடும். அதனால் இரண்டாவது அளவை ஜூலைக் கடைசியில் இரவு 8 மணிக்கு வீட்டு முற்றத்தில் எடுக்கச் சொல்லலாம்.

நிலாவெளிக்_கரை

கடைசியாக ஒழுங்குகள். அமாவாசைக்கு மூன்று நான்கு நாள் முன்பின்னாக நாளை வையுங்கோ. வளர்பிறை எட்டாம் பிறை என்றால் நடு இரவு வரை வெளிச்சம், பால்வீதியும் கரும் திட்டும் கிடைக்காது. வாடைக் காலத்தில், ஒக்டோபர் தொடங்கித் தை வரை, மழைமுகில் நம்ப முடியாது. கச்சான் என்கிற மேல்காற்று வீசுகிற மாதங்கள்தான் இங்கே வானம் திறந்திருக்கும்.

கண் இருட்டுக்குப் பழக 20 முதல் 30 நிமிடம் எடுக்கும். ஒரு பிள்ளை கைபேசித் திரையை ஒரு தடவை திறந்தால் எல்லாருக்கும் மறுபடி முதலிலிருந்து. டோர்ச்சுக்குச் சிவப்பு செலோபேன் தாளை மூன்று நான்கு மடிப்பாகக் கட்டுங்கோ, ஒரு மடிப்பு போதாது. ஹோட்டல் விளக்குகள் முதுகுப் பக்கம் வருகிற மாதிரி நில்லுங்கோ. பதினைந்து பிள்ளைக்கு மேல் ஒரு கூட்டமாக வேண்டாம், காட்டுகிற விரலை ஆளுக்கொரு கோணத்தில் பார்ப்பார்கள். நீண்ட கம்பு ஒன்றைப் பிள்ளையின் தோளுக்குப் பின்னால் இருந்து, அந்தப் பிள்ளையின் கண்மட்டத்தில் பிடித்துக் காட்டினால் பிழைக்காது.

வசிட்டரையும் அருந்ததியையும் வெறுங்கண்ணால் பிரிக்கச் சொல்லுங்கோ. இடைவெளி 12 கலை, முழுநிலவின் அகலத்தில் மூன்றில் ஒன்றுக்கு மேல். நேரே உற்றுப் பார்த்துத் தெரியாவிட்டால் பார்வையைக் கொஞ்சம் பக்கத்துக்கு விலக்கிப் பார்க்க வேண்டும், மங்கலுக்குக் கண்ணின் ஓரம்தான் கூர்மை. கண்ணாடி போடுகிற பிள்ளைகள் கண்ணாடியோடு வரட்டும், சில பேர் இரவில் கழற்றி வைத்துவிடுவார்கள். தொலைநோக்கி இல்லாவிட்டால் கவலையில்லை, 7×50 இருகண் நோக்கி ஒன்றிருந்தால் போதும். ஆனால் அதைப் பத்து மணிக்குப் பிறகு கொடுங்கோ. முதலே கொடுத்தால் வரிசையில் நிற்பதிலேயே நேரம் போய், ஒரியனை ஒருவரும் பார்த்திருக்க மாட்டார்கள்.